காணா நீரும் காட்ட வேண்டிய சான்றும்

மனிதன் தன் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றிற்குத் தீங்கிழைத்தல் கூடுமா? கூடுமெனில் அத்தீங்கிற்கு அவன் எவ்வளவிற்குப் பொறுப்பாளியாவான்? அயலவனின் வேலியை வெட்டுபவன் தான் செய்வது இன்னதென அறிந்தே செய்கின்றான். வெட்டுண்ட வேலி அடுத்த நாட் காலையில் யாவருக்கும் சான்றாக நிற்கும். ஆயின் தன் சொந்தக் காணியிற் குழி தோண்டுபவன் அயலவனின் எல்லைக்குள் ஓரடியேனும் எடுத்து வைப்பதில்லை. அவ்வாறிருந்தும் சில காலத்தின் பின் அயலவனின் கிணறு வற்றிவிடக்கூடும். கிணறு வற்றியதற்குக் குழிதான் காரணம் என்று கூறுவதெங்ஙனம்? மழை பொய்த்ததே காரணம் என்று கூறுவாருமுளர். இவ்விரு கூற்றுக்களுக்கும் நடுவே கிடப்பது ஒருவரும் காணாத நீர்.

ஆற்றங்கரையொன்றிலே சரளைக்கல் அகழ்வதற்கு முன்மொழிவு வரும்போது, அதனைச் சூழவுள்ள நிலத்தடிநீரின் நிலையை மதிப்பிடும்படி இன்று பல நாடுகளின் சட்டங்கள் வேண்டுகின்றன. இம்மதிப்பீடு பொறியியலாளருக்கும் புவிச்சரிதவியலாளருக்கும் மாத்திரம் உரிய தொழில்நுட்பக் காரியம் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயினும் அதன் அடியில் அறவியல் வினாவொன்று உண்டு. உறுதியாக அறியப்படாத ஒன்றினைப் பற்றித் தீர்மானிக்க வேண்டியவிடத்து, அறியாமையின் சுமையைத் தாங்க வேண்டியவர் யார் என்பதே அவ்வினா. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலத்தின் கீழ் நிகழ்வது

ஆறுகள் பன்னெடுங்காலமாக வெள்ளத்தோடு கொணர்ந்து தம் இருமருங்கும் படியவிட்ட மணலும் கூழாங்கல்லும் சரளையும் ஒருசேர இருவகைப் பயனுடையன. கட்டடக்காரனுக்குக் கல்லே பெறுமதியுடையது. கமக்காரனுக்கோ கல்லுக்கும் கல்லுக்கும் இடையேயுள்ள வெளியே பெறுமதியுடையது. ஏனெனில் மழைநீர் தங்குவதும், மெல்ல நகர்ந்து கிணறுகளுக்கு ஊறுவதும், கோடையிலே ஆற்றுக்குத் திரும்புவதும் அவ்வெளியினூடாகவே. மழையற்ற மாதங்களில் ஆறு ஓடிக்கொண்டிருப்பதற்கு இவ்வூற்று நீரே பெரும்பாலும் காரணமாகும். எனவே ஆறும் கிணறும் வேறுவேறு நீர்நிலைகள் போலத் தோன்றினும், ஆற்றுப்படிவு நிலங்களில் அவை ஒரே நீரின் இரு தோற்றங்கள் எனலாம்.

நிலத்தடிநீரின் மட்டம் குளத்து நீர்போற் சமதளமானதன்று. மேட்டிலிருந்து ஆற்றை நோக்கி அது சரிந்து செல்லும். அம்மட்டத்திற்குக் கீழே குழி தோண்டப்படின் குழியினுள் நீர் தேங்கிக் குளமாகும். குளத்தின் நீர்மட்டமோ சமதளமானது. சரிவாக இருந்த ஒன்று ஓரிடத்திற் சமதளமாக்கப்படும்போது, மேட்டுப்பக்கத்து மட்டம் தாழ்கின்றது. பள்ளப்பக்கத்து மட்டம் உயர்கின்றது. ஒரே குழியின் விளைவாக ஒருவரின் கிணறு வற்றலாம், வேறொருவரின் வளவு சதுப்பாகலாம். குழியை உலர்த்தி அகழும்பொருட்டு நீர் இறைக்கப்படுமாயின், குழியை நடுவாகக் கொண்டு சுற்றுப்புற மட்டம் கூம்பு வடிவிற் கீழிறங்கும்.

அகழ்வு முடிந்த பின்னரும் விளைவு முடிவதில்லை. முன்னர் மண்ணின் காப்பிலிருந்த நீர் இப்போது வெயிலுக்குத் திறந்து கிடக்கின்றது. நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகுமெனக் கொண்டால், ஒரு ஹெக்டேயர் பரப்புள்ள திறந்த குழி நாள்தோறும் 50,000 லீற்றர் நீரை வானுக்குக் கொடுக்கின்றது. மேலிருந்து வரும் அழுக்கை வடிகட்டிய மண்படையும் அகற்றப்பட்டுவிடுகின்றது. குழிக்கும் ஆற்றுக்குமிடையே விடப்பட்ட ஒடுங்கிய வரம்பினைப் பெருவெள்ளம் உடைக்குமாயின், ஆறு தன் பழைய போக்கை விட்டுக் குழியினூடே பாயவுங் கூடும்.

ஐக்கிய அமெரிக்காவின் நீரியலாளர் தீஸ் 1940 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்று இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. கிணற்றிலிருந்து இறைக்கப்படும் நீர் யாவும் வேறெங்கோ ஏற்படும் இழப்பினாலேயே ஈடுசெய்யப்படுகின்றது என்பதை அவர் எடுத்துக் காட்டினார். நிலத்தடியிற் சேமிப்பாக இருந்தது குறையவேண்டும். அன்றேல் ஆற்றுக்குச் செல்ல இருந்தது குறையவேண்டும். அன்றேல் மேலிருந்து புகும் நீர் அதிகரிக்கவேண்டும். நீரியலின் கணக்காகக் கூறப்பட்ட இதனுள்ளே அறவியலும் அடங்கியுள்ளது. எடுத்த நீருக்கு எங்கோ ஒரு கணக்கு உண்டு. ஆகவே, இவ்வகழ்வினால் இழப்பு நேருமா என்று வினவுவதோடு நின்றுவிடலாகாது. நேரும் இழப்பு எங்கே, எப்போது, எவருக்கு என்றும் வினவுதல் வேண்டும்.

அறியாமை என்னும் வாதம்

நிலத்தடிநீர் பற்றிய அறியாமை வரலாற்றில் எவருக்குத் துணைநின்றது என்பதை நோக்குமிடத்து, சில வழக்குகள் பெரிதும் பயன்படுகின்றன. இங்கிலாந்தின் லங்காஷயரிலே 1821 இல் தன் பருத்தி ஆலைக்காக ஒருவர் கிணறு வெட்டினார். 1837 முதல் அயலிலே நிலக்கரிச் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. கிணற்று நீர் வற்றிப்போயிற்று. அக்டன் எதிர் புளுண்டெல் எனப்படும் இவ்வழக்கில் 1843 ஆம் ஆண்டு நீதிமன்றம் கிணற்றுக்காரருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேற்பரப்பில் ஓடும் ஆற்றின் போக்கை யாவரும் காண்கின்றனர். ஆதலின் அதன் பயனை ஒருவருக்கொருவர் மதித்து நடத்தல் சாத்தியமாகும். நிலத்தின் கீழ் நீர் எவ்வழியாக ஓடுகின்றதென எவரும் அறியார். அறியப்படாத ஒன்றின்மீது உரிமையும் இல்லை, கடமையும் இல்லை. நீதிமன்றத்தின் நியாயத்தை இவ்வாறு சுருக்கிக் கூறலாம்.

பதினாறு ஆண்டுகளின் பின் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை மற்றொரு வழக்கினைத் தீர்த்தது. குரொய்டன் நகரின் சுகாதார சபை நகரமக்களுக்காகக் கிணறு தோண்டி நீரிறைத்தமையால், வாண்டில் ஆற்றில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இயங்கிவந்த ஆலைக்கு நீர் குறைந்தது. நிலத்தினூடாகக் கசிந்து ஆற்றைச் சேரவிருந்த நீர் வழியிலேயே மறிக்கப்பட்டது. 1859 இல் ஆலைக்காரரின் முறைப்பாடு தள்ளுபடியாயிற்று. 1861 இல் அமெரிக்காவின் ஒகையோ மாநில உயர் நீதிமன்றமும் இதே வழியிற் சென்று, நிலத்தடிநீரின் இயக்கம் மறைவானது, அறிவுக்கு எட்டாதது, ஆதலின் சட்டத்தால் ஒழுங்குபடுத்த இயலாதது என்று கருதியது.

இவ்வாண்டுகளுக்கு இடையிலேதான், 1856 இல், பிரான்சின் டீஜோன் நகர நீர்விநியோகத்தை அமைத்த பொறியியலாளர் ஹென்றி டார்சி, மணலினூடாக நீர் பாயும் விதியைத் தம் பரிசோதனைகளின் பேறாக வெளியிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. அறிய இயலாதது என்று நீதிபதிகள் கூறிய நீர், அளக்கத்தக்க விதியொன்றிற்கு அமையவே ஓடியது. ஒகையோ நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பினைக் கைவிட்டது 1984 ஆம் ஆண்டிலேயாகும். அவ்வழக்கும் அகழ்வு பற்றியதே. கல்லகழ்வு நிறுவனமொன்று தன் குழியை உலர்த்த நீரிறைத்தமையால் தம் கிணறுகள் பாதிப்புற்றன எனச் சுற்றிவர வாழ்ந்தோர் முறையிட்டனர். நிலத்தடிநீரை அறிய முடியாதென்னும் பழைய நியாயம் அறிவியல் வளர்ச்சியின் முன் நிலைக்காதென நீதிமன்றம் கண்டு, நியாயமற்ற தீங்கிற்குப் பொறுப்புண்டு என்னும் நெறியை ஏற்றது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? அறியாமை ஒருபோதும் நடுநிலையாக நிற்பதில்லை. ஒன்றும் அறியோம் என்ற நிலையிலே, தோண்டுபவன் தொடர்ந்து தோண்டினான்; இழந்தவன் இழந்தவாறே இருந்தான். 1843 இல் அவ்வறியாமை பெருமளவிற்கு உண்மையானது. டார்சியின் நூல் வெளிவந்த பின்னரும் அதனையே நியாயமாகக் கொண்டமை, அறிய முயலாமையை அறிய இயலாமையாகக் காட்டியதாகும். அறிய இயலாமை மனித இயற்கை. அறிய முயலாமை ஒரு செயல். செயல்களுக்கே பொறுப்பு உண்டு.

மதிப்பீட்டின் மௌனங்கள்

இக்காலத்தில் எவரும் நிலத்தடிநீர் மறைபொருள் என வாதிடுவதில்லை. துளைகள் இடப்படுகின்றன; நீர்மட்டம் அளக்கப்படுகின்றது; நீரிறைத்துப் பரிசோதிக்கப்படுகின்றது; கணினியில் மாதிரிகள் அமைக்கப்படுகின்றன. ஆயினும் பழைய வாதம் வேறு உடையணிந்து மீண்டும் வரக்கூடும். குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் அவதானிக்கப்படவில்லை என்று ஓர் அறிக்கை கூறும்போது, பாதிப்பு இல்லை என்று அது கூறுவதாகவே வாசிப்போர் கொள்கின்றனர். தேடிக் காணாமைக்கும் தேடாமையாற் காணாமைக்கும் உள்ள வேறுபாடு அவ்வசனத்தில் மறைந்துவிடுகின்றது.

முதலாவது மௌனம் காலம் பற்றியது. பருவப்பெயர்ச்சி மழையால் வாழும் ஒரு நாட்டில், மார்கழியில் அளந்த கிணற்றின் மட்டம் ஆவணியில் அக்கிணறு எவ்வாறிருக்கும் என்பதைக் கூறாது. ஈரப்பருவத்துச் சில வாரங்களில் மாத்திரம் பெற்ற அளவீடுகள் தம்மளவிற் பொய்யல்ல. ஆயின் அவற்றை ஆண்டு முழுவதற்கும் உரியனவாகக் காட்டுதல் பொய்யாகும். இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது சுற்றாடல் தாக்க மதிப்பீடு சட்டத்தினுள் இடம்பெற்றது. மதிப்பீட்டறிக்கை மீது பொதுமக்கள் கருத்துரைக்க 30 நாட்கள் வழங்கப்படுகின்றன. நிலத்தடிநீர் வயலிலிருந்து ஆற்றைச் சென்றடைய ஆண்டுகள் பல செல்லலாம். ஆண்டுகளாக நகரும் ஒன்றினைப் பற்றி 30 நாட்களுக்குள் ஒரு கிராமத்தவர் என்ன கூறவியலும் என்பது சிந்திக்கற்பாலது.

இரண்டாவது மௌனம் எல்லை பற்றியது. ஒவ்வொரு குழியும் தனித்தனியே நோக்கப்படின் சிறிதாகத் தோன்றும். இந்திய உயர் நீதிமன்றம் 2012 இல் தீபக் குமார் எதிர் அரியானா மாநிலம் என்னும் வழக்கில் எதிர்நோக்கியது இப்பிரச்சினையையே. சிறு கனிமங்களின் அகழ்வுக் குத்தகைகள் 5 ஹெக்டேயருக்குக் குறைவாக இருந்தபோது, சுற்றாடல் அனுமதியின்றியே அவை வழங்கப்பட்டு வந்தன. 5 ஹெக்டேயருக்குக் குறைந்த குத்தகைகளுக்கும் அனுமதி வேண்டுமென நீதிமன்றம் பணித்தது. தாளிலே பத்தாகப் பிரிக்கப்பட்ட குழிகள் நிலத்தின் கீழ் ஒன்றாகவே இருக்கின்றன. கோடுகள் காணி வரைபடத்திற்கு உரியன. நீர் அவற்றை அறியாது.

மூன்றாவது மௌனமே அறவியல் நோக்கில் மிகப் பாரதூரமானது. அது மனிதர் பற்றியது. சராசரியாக அரை மீற்றர் மட்டமே தாழும் என ஓர் அறிக்கை கூறுவதாகக் கொள்க. ஆழமான குழாய்க்கிணறும் நீரிறைக்கும் இயந்திரமும் உடையவருக்கு அது பொருட்டன்று. ஆழங்குறைந்த கிணற்றில் வாளியால் அள்ளும் குடும்பத்திற்கோ, கோடைக்காலத்தில் அடியில் நிற்கும் நீரே அவ்வரை மீற்றர்தான். சராசரி என்னும் சொல்லிற்குத் தாகம் இல்லை. எல்லாக் கிணறுகளையும் ஒன்றாகக் கூட்டி வகுக்கும் கணக்கு, முதலில் வற்றப்போகும் கிணற்றினைக் கணக்கிலிருந்தே அகற்றிவிடுகின்றது. அக்கிணற்றுக்கு உரியவர் பெரும்பாலும் அறிக்கையினை வாசிக்கவும் எதிர்வாதம் செய்யவும் வசதி குறைந்தவராகவே இருப்பார். மதிப்பீட்டிற்கு வேண்டிய செலவையும் அகழ விரும்புபவரே ஏற்கின்றார் என்பதும் இங்கே சேர்த்து நோக்கத்தக்கது. ஆய்வாளர் நேர்மையற்றவர் என்று இதனாற் கொள்ளவேண்டியதில்லை. எவ்வினாக்கள் கேட்கப்படுகின்றன என்பதைச் செலவு செய்பவரின் தேவை தீர்மானிக்கும் அபாயம் இருத்தலே போதுமானது.

எதிர்வாதங்கள்

இதற்கு எதிராகக் கூறப்படுவனவற்றைப் புறக்கணித்தல் முறையன்று. மணலும் சரளையும் இன்றி வீடில்லை, வீதியில்லை, மருத்துவமனையில்லை. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையினால் வீடிழந்தோருக்கு வீடு அமைக்கவும் மணல் வேண்டியிருந்தது. ஆற்றைக் காக்க வேண்டுமென்று பேசுவோரும் கொங்கிறீற்றுக் கூரையின் கீழிருந்தே பேசுகின்றனர். இவ்வாதம் நேர்மையானது. ஆயின் கட்டுமானப் பொருள் வேண்டும் என்பதையே அது நிறுவுகின்றது. இந்தக் கரையில், இந்த ஆழத்திற்கு, இன்னாரின் கிணற்றுக்கு அருகே அதனை எடுக்க வேண்டும் என்பதை நிறுவவில்லை. பலருக்குப் பயன் உண்டென்பதாற் சிலரின் நீரை எடுக்கலாம் என்போர், அச்சிலரிடம் கேட்டனரா, இழப்பை ஈடுசெய்தனரா என்ற வினாக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டவராவர்.

இரண்டாவது வாதம் இன்னும் நுண்ணியது. நிலத்தடிநீரைப் பற்றி முழுமையான உறுதி எக்காலத்தும் கிட்டாது. உறுதி கிட்டும்வரை பொறுத்திருக்க வேண்டுமெனின் எச்செயலும் நிகழாது. செயலின்மையும் தீங்கு செய்யும் என்பர். இதுவும் உண்மையே. எனினும் தவறு இருவகைப்படும். தீங்கற்ற குழிக்கு அனுமதி மறுத்தல் ஒரு தவறு. தீங்குள்ள குழிக்கு அனுமதி வழங்குதல் மற்றொரு தவறு. முன்னையதால் ஒருவர் இலாபத்தை இழக்கின்றார். வேறிடம் தேடவும், மறு ஆண்டில் மீண்டும் கேட்கவும் அவருக்கு வழியுண்டு. பின்னையதால் வேறொருவர் குடிநீரை இழக்கின்றார்; எடுக்கப்பட்ட சரளை மீள வருவதில்லை. குழியினை மண்ணிட்டு நிரப்பினும், ஆறு ஆயிரமாண்டுகளாக அடுக்கிய படையின் நீர்தாங்கும் இயல்பு அம்மண்ணுக்கு வாய்ப்பதில்லை. இரு தவறுகளும் சமமல்ல. ஆதலின் சான்றுச் சுமையும் சமமாகப் பகிரப்படல் நியாயமன்று. மாற்ற இயலாத செயலைச் செய்ய விரும்புபவரே அது தீங்கற்றது எனக் காட்டக் கடமைப்பட்டவர். கிணற்றுக்காரர் தன் கிணறு வற்றும் என முன்கூட்டியே நிறுவ வேண்டியவரல்லர்.

காவலர் என்னும் கருத்து

இச்சிந்தனை இலங்கை மண்ணுக்கு அந்நியமானதன்று. எப்பாவல பொசுபேற்றுப் படிவு தொடர்பாக அப்பிரதேச வாசிகள் தொடுத்த வழக்கில், 2000 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இங்கு நினைவுகூரற்பாலது. நீதியரசர் அமரசிங்க, தேவநம்பிய தீசனுக்கு மகிந்த தேரர் செய்த உபதேசத்தை எடுத்துக் காட்டி, ஆட்சியாளர் நிலத்தின் உடைமையாளரல்லர், காவலரே என்னும் கருத்தினை வலியுறுத்தினார். படிவின் இடம், அளவு, தரம் ஆகியன முழுமையாக ஆராயப்பட்டு, முடிவுகள் வெளியிடப்பட்டு, சட்டப்படியான சுற்றாடல் அனுமதியும் பெறப்படும்வரை ஒப்பந்தம் எதிலும் ஈடுபடலாகாதென நீதிமன்றம் பணித்தது. முதலில் அறிக, அறிந்ததைப் பகிர்க, பின்னரே தீர்மானிக்க என்னும் ஒழுங்கு அத்தீர்ப்பினுள் உள்ளது. 1843 ஆம் ஆண்டின் நியாயத்திற்கு இது நேர் எதிரானது.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிலே நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் தனியே குறிக்கப்பட்டு வருதலும் இதனோடு ஒப்பிடத்தக்கது. நிலத்தை வேலியிட்டுப் பிரித்தவர்கள் நீரைப் பங்கும் முறையும் வைத்தே பிரித்தனர். நிலம்போல் நீர் ஒருவருக்கே உரியதாகாது என்ற அறிவு அவ்வழக்கத்தில் உறைந்திருக்கின்றது.

அவ்வறிவை மறந்தவிடத்து விளைவதனை நாட்டின் மேற்குப்புற ஆறுகள் காட்டுகின்றன. மகா ஓயாவிலும் தெதுறு ஓயாவிலும் கடந்த பல பத்தாண்டுகளாக மிகையாக மணல் அள்ளப்பட்டதனால் ஆற்றுப்படுகை தாழ்ந்தது; கரைகள் இடிந்தன; கரையோரக் கிணறுகளின் மட்டம் ஆற்றோடு கீழிறங்கியது; முகத்துவாரத்தினூடாக உவர்நீர் உள்ளே ஏறியது. களனி கங்கையில் வரட்சிக் காலங்களில் அம்பத்தலை நீரேற்று நிலையத்தை உவர்நீரிலிருந்து காக்கத் தடுப்பணை இடவேண்டிய நிலையும் ஏற்பட்டது. மணலின் விலையைக் கொடுத்தவர் ஒருவர். அதன் முழு விலையையும் செலுத்தியவர் வேறொருவர்.

ஆகவே, ஆற்றங்கரை அகழ்விற்கான நிலத்தடிநீர் மதிப்பீடு அறமுடையதாக அமைய வேண்டுமெனின், சில கடப்பாடுகள் இன்றியமையாதன. அகழ்வு தொடங்குமுன் சுற்றியுள்ள ஒவ்வொரு கிணற்றின் மட்டமும் நீரின் தரமும் ஈரப்பருவத்திலும் வரட்சியிலும் அளக்கப்பட்டு, உரியவர் கையில் அப்பதிவு கொடுக்கப்படல் வேண்டும். மட்டம் எவ்வளவு தாழ்ந்தால் அகழ்வு நிறுத்தப்படும் என்பது முன்னரே எழுதப்படல் வேண்டும். வற்றும் கிணற்றுக்கு ஈடாக மாற்றுநீர் வழங்குவதற்கான பணம், வழக்காடிப் பெறவேண்டிய ஒன்றாக இராது, முன்கூட்டியே வைப்பிலிடப்படல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அறிக்கை தான் அறியாதவற்றையும் வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். எந்த ஆண்டில் எந்தக் கிணறு முதலில் வற்றியது, எது ஒருபோதும் வற்றவில்லை என்பதை அவ்வூரின் முதியோர் அறிவர். துளைகளாற் பெறப்படாத அவ்வறிவும் தரவாகக் கொள்ளப்படல் வேண்டும்.

இவையாவும் செலவு மிக்கன, காலம் பிடிப்பன எனலாம். அது மெய்யே. ஆயின் அச்செலவு இல்லாமற்போவதில்லை. எவரேனும் அதனைச் செலுத்தியே ஆதல் வேண்டும். அகழ்பவர் முன்னர் செலுத்தாவிடின், குடத்தோடு தொலைதூரம் நடக்கும் பெண்ணொருத்தி பின்னர் நாள்தோறும் செலுத்துவாள். அவளது செலவு எக்கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

காணாத ஒன்றிற்குத் தீங்கு செய்யலாகுமா என்னும் வினாவோடு இக்கட்டுரை தொடங்கிற்று. நீர் மறைந்திருக்கலாம், அதனை நம்பி வாழும் மனிதர் மறைந்திருக்கவில்லை. அவர்கள் கிணற்றுக் கட்டிலே கயிற்றோடு நிற்கின்றனர். அவர்களைக் கண்டபின்னும் நீரைக் காணவில்லை என்று கூறுபவரின் அறியாமையை அறியாமை என ஏற்றுக்கொள்வது நீதியாகாது.